‘நேரம் உங்க இஷ்டம்’னு குடுத்தாங்க, ராத்திரி 12 வரைக்கும் உட்கார்ந்திருக்கேன். இது ஓவர்டைமா இல்லையா?

காலண்டர்தாள் | செவ்வாய், நள்ளிரவு 12.41

இங்க பல வருஷமா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனி. பேர் வேண்டாம். 26 வாரப் பிரசவ லீவு முடிஞ்சு திரும்பினப்ப ஃப்ளெக்சிபிள் அவர்ஸ் கேட்டேன், குடுத்தாங்க. அதைக் குறை சொல்ல வரலை. இப்ப பாப்பாவுக்கு மூணரை வயசு. 4.30-க்கு சோழிங்கநல்லூர்ல கிளம்பினாத்தான் 5.15-க்கு ப்ளே ஸ்கூல் வாசல்ல நிக்க முடியும். பையை எடுக்கும்போதே பக்கத்து சீட்டுல இருந்து குரல் வந்துடும்: “என்ன மேடம், இன்னைக்கும் ஆஃப் டேயா?” நான் காலைல 7.30-க்கே வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் உள்ள நுழையறதே 10.30.

வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, 8.30-க்கு மறுபடி லேப்டாப்பைத் திறப்பேன். அமெரிக்காக்காரங்களுக்கு அப்ப காலை 11 மணி, நல்ல சுறுசுறுப்பு. 9.30-க்குக் கால். அது முடியறப்ப “இதையும் ஒரு பார்வை பார்த்துடு”ன்னு ஒண்ணு வரும். மூடறப்ப 11.30, 12.

ஒரு நாள் வயித்தெரிச்சல்ல ஒரு வேலை பண்ணேன். சமையல்கட்டுல மளிகைக்கடை குடுத்த தினசரி காலண்டர் தொங்குது. தாளைக் கிழிச்சுக் குப்பைல போடாம, பின்பக்கம் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் ரெண்டையும் எழுதி, அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சேன். ராகுகாலம், எமகண்டத்துக்குப் பின்னாடி என் லாக்-இன், லாக்-அவுட். போன மாசம் 22 தாள் சேர்ந்துச்சு. சாப்பாடு, பாப்பா நேரம் எல்லாம் கழிச்சுக் கூட்டினா 224 மணி நேரம். 22 நாளுக்கு 8 மணின்னா 176. மீதி 48.

எச்ஆர் கிட்ட கேட்டேன். “ஃப்ளெக்சிபிள்ல ஓவர்டைம்ங்கற பேச்சே கிடையாது, நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறது நீங்கதானே”ன்னு பதில். அப்படித்தானா?


கோடு_போட்ட_சட்டை | செவ்வாய், காலை 8.05

நான் 14 பேர் இருக்கிற டீமுக்கு மேனேஜர். அடிக்க வராதீங்க, அந்தப் பக்கத்தையும் ஒருத்தன் சொல்லணும்ல.

நீங்க 4.30-க்குக் கிளம்பறதை நான் கேக்க மாட்டேன், அதே மாதிரி நீங்க 10 மணிக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்கன்னும் கேக்க மாட்டேன். ஒப்பந்தமே இதுதான். மணிக்கணக்கு வேணும்னு நீங்க ஆரம்பிச்சா, மேல இருக்கறவன் “சரி, எல்லாரும் 9-க்கு ஸ்வைப், 6-க்கு ஸ்வைப்”னு ஒரே மெயில்ல முடிச்சிடுவான். அப்ப முதல்ல போறது உங்க 4.30 தான். புலி வாலைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கங்க.

இன்னொண்ணு. அந்த 224 மணிலயும் கண்ணு திரையிலயே இருந்துச்சா? வாட்ஸ்அப் பார்த்த நேரமும் அதுல அடக்கமா?


காலண்டர்தாள் | செவ்வாய், மதியம் 1.22

வாட்ஸ்அப் பார்த்த நேரமும் சேர்ந்துதான். அதுல பாதி ஆபீஸ் குரூப்.


டைம்கீப்பர் | செவ்வாய், இரவு 9.50

நானுங்க திருப்பூருங்க. பனியன் கம்பெனியில 19 வருசமா டைம்கீப்பர். அந்தம்மா எழுதுனதப் படிச்சனுங்க. தாளுக்குப் பின்னால நேரம் எழுதி வெக்கறாங்க பாருங்க, அதுதானுங்க எம்பட பொழப்பே.

எங்கூர்ல நேரத்த மணியில சொல்ல மாட்டோமுங்க, ஷிப்ட்டுலதான் சொல்லுவோம். எங்க கம்பெனில எட்டரைக்கு உள்ள வந்து அஞ்சரைக்குப் போனா ஒரு ஷிப்ட். ஒம்போது வரைக்கும் ஓட்டுனா ஒன்றரை. ஷிப்மென்ட் நெருங்கிருச்சுன்னா ரெண்டு ஷிப்ட், நடுச்சாமம் ஒண்ணாயிரும். “இன்னைக்கு என்னங்க?”ன்னு கேட்டா “ஒன்றரை”ம்பாங்க, அவ்வளவுதான் பேச்சு. வூட்டுல சோறு ஆக்கற நேரம், டவுன் பஸ்ஸூ, கம்பெனி வேனு எல்லாம் அந்த ஒத்தச் சொல்லுலதான் ஓடுதுங்க.

கணக்குக்கு ஒரு ஷிப்ட் 500 ரூவான்னு வெச்சுக்குங்க. 8 மணி நேரத்துக்கு 500ன்னா மணிக்கு 62.50. அஞ்சரையில இருந்து ஒம்போது, அதுல டீக்குக் கால் மணி போச்சுன்னா மூணேகால் மணி நேரம். ஒத்தச் சம்பளம்னா 203 ரூவா. சட்டம் சொல்ற ரெட்டைச் சம்பளம்னா 406. நாங்க குடுக்கறது அரை ஷிப்ட்டுக்கு 250. ஒரு ராத்திரிக்கு 156 ரூவா துண்டு விழுகுது. வாரத்துல அஞ்சு நாள் ஒன்றரை ஓடுச்சுன்னா 780. இத என் கையாலதான் எழுதறனுங்க. ஆடிட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு இந்த நோட்டு டேபிள் மேல இருக்காது, வேற நோட்டு இருக்கும். அந்த நோட்டுல யாரும் ஒன்றரை ஓடியிருக்க மாட்டாங்க.

ஆனா ஒண்ணுங்க. 406 வரலீன்னாலும் 250 வருது. அந்தம்மாவுக்கு அதுவும் இல்லீங்க. ஏன்னா அங்க நோட்டே இல்ல.


பேட்லாக் | செவ்வாய், இரவு 10.31

டைம்கீப்பரு அண்ணன் சொன்னது அத்தனையும் நெசம். எங்க டைம்கீப்பரா நீங்கன்னு ஒரு சந்தேகம், வுடுங்க.

ஓவர்டைம் கெட்டது, ஓவர்டைம் கூடாதுன்னு படிச்சவங்க எழுதறப்ப எனக்கு ஒண்ணும் புரியறதில்லீங்க. ஒரு ஷிப்ட்டோட அனுப்பிட்டாத்தான் எங்களுக்குப் பயம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டானே, ஞாபகமிருக்குதுங்களா? எங்க லைன்ல ஒன்றரை ஒண்ணாச்சு, அப்பறம் வாரத்துக்கு நாலு நாளாச்சு. சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய வந்து நின்னா வெளிச்சமா இருக்குதுங்க. வெளிச்சத்துல வூட்டுக்குப் போயி வருசக்கணக்காச்சு, சந்தோசமாத்தானே இருக்கோணும்? சனிக்கிழமை கவரைப் பிரிச்சப்பத்தான் தெரிஞ்சுது. வூட்டு வாடகையும் சீட்டுப் பணமும் ஒன்றரையை நம்பிப் போட்ட கணக்குங்க.


ஜூரோங் | புதன், அதிகாலை 12.15

பேட்லாக் சொன்னதை அப்படியே சிங்கப்பூருக்குத் தூக்கிட்டு வரலாம். நான் புதுக்கோட்டைப் பக்கம், இங்க ஷிப்யார்டுல ஒன்பது வருஷம். ஊர்ல இருந்து புதுசா வர்ற பயலுக ஏஜென்ட் கிட்ட கேக்கற முதல் கேள்வி பேசிக் எவ்வளவுன்னு இல்ல. “ஓடி இருக்கா?” ஓடின்னா ஓவர்டைம். அதான் முதல் கேள்வி.

இங்க கணக்கு சுத்தமா எழுதி வெச்சிருக்கான். வாரத்துக்கு 44 மணி நேரம், அதுக்கு மேல ஒன்றரை மடங்கு, மாசத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல ஓடி கூடாது. மணிச் சம்பளம் எடுக்கவும் சூத்திரம் இருக்கு: பேசிக்கை 12-ஆல பெருக்கி, 52-ஐயும் 44-ஐயும் பெருக்கி வர்றதால வகுக்கணும். 800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பேசிக்னா மணிக்கு 4.19 சொச்சம், ஓடிக்கு 6.29. 72 மணியும் அடிச்சா 453 வெள்ளி. 800-ங்கறது 1,253 ஆகுது. தங்கச்சி கல்யாணம் 800-ல நடக்காது, 1,253-ல நடக்கும். நடந்துச்சு.

ஆனா இந்த ஊர்லயும் ஆபீஸ்ல உட்கார்ற ஆளுக நிலைமை அந்தம்மா நிலைமைதான். மாசம் 2,600 வெள்ளிக்கு மேல பேசிக் போச்சுன்னா, உடம்பால வேலை பாக்கற தொழிலாளியா இல்லாதவங்களுக்கு இந்த ஓடிக் கணக்கு கிடையாது. 2024 டிசம்பர்ல இருந்து வழிகாட்டி ஒண்ணு கொண்டு வந்தாங்க: ஃப்ளெக்சிபிள் நேரம் வேணும்னு எழுதிக் கேட்டா முதலாளி ரெண்டு மாசத்துக்குள்ள எழுதிப் பதில் சொல்லணும். பதில் சொல்லணும்னுதான் இருக்கு, குடுத்தே ஆகணும்னு இல்ல.


வழக்குக்கட்டு | புதன், காலை 10.40

தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். பொதுவாகச் சொல்கிறேன், ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எச்ஆர் சொன்னது பாதி சரி, பாதி சாமர்த்தியம். தமிழ்நாட்டில் ஐடி அலுவலகங்களும் 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குள்தான் வரும். அதில் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மீறினால் இரட்டைச் சம்பளம். நேரத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை, எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்கிறது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் இரட்டைச் சம்பளம் போகவில்லை. தொழிலாளி சம்மதித்தால்தான் மிகை நேரம் என்றும் இருக்கிறது.

சாமர்த்தியம் வேறு இடத்தில். 1947 சட்டத்தின் 4-வது பிரிவு, மேலாண்மைப் பதவியில் இருப்பவரை வெளியே நிறுத்திவிடுகிறது. தொகுப்புச் சட்டத்திலும் மேற்பார்வை வேலையில் மாதம் 18,000-க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி ஆகமாட்டார். அதனால்தான் மூன்று வருடம் வேலை பார்த்த பிள்ளைக்குக்கூட ‘லீட்’, ‘அசோசியேட் மேனேஜர்’ என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் வழக்கு என்று வந்தால் பட்டத்தைப் பார்த்து முடிவு செய்யமாட்டார்கள். லீவு கொடுக்கும் அதிகாரம் உண்டா, ஆளை எடுக்க நீக்க முடியுமா, நாள் முழுக்க உண்மையில் செய்வது என்ன வேலை என்று பார்ப்பார்கள். இங்கே கேள்வி கேட்டவர் அதைச் சொல்லவில்லை.

டைம்கீப்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மூணேகால் மணியை அஞ்சு நாளால் பெருக்குங்கள், வாரம் 16.25. பழைய ஃபேக்டரிஸ் சட்டம், 64-ம் பிரிவு, காலாண்டுக்கு அனுமதித்த மிகை நேரம் 50 மணி. மூன்று வாரத்தில் அந்தக் காலாண்டு முடிந்துவிடுகிறது. மீதி பத்து வாரம் எந்தச் சட்டத்தில் ஓடியது?


டைம்கீப்பர் | புதன், காலை 11.02

அந்த இன்னொரு நோட்டுச் சட்டத்துலதானுங்க.


காலண்டர்தாள் | புதன், இரவு 11.58

@வழக்குக்கட்டு சார், என் கார்டுல ‘சீனியர் லீட்’. நான் லீட் பண்றது என்னை மட்டும்தான். லீவு சாங்ஷன் பண்ற அதிகாரம் எனக்கே எனக்குக் கிடையாது.


நைட்டு_நர்ஸ் | வியாழன், காலை 9.15

மதுரை. தனியார் ஆஸ்பத்திரி. நைட்டு முடிச்சு இப்பதான் ரூமுக்கு வந்தேன், தூங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் படுத்துர்றேன்.

எங்களுக்கு டூட்டி ராத்திரி 8-ல இருந்து காலை 8. ஆனா 8-க்குக் கிளம்ப முடியாது. அடுத்த ஆள் வந்து, ஒவ்வொரு பெட்டா நின்னு, எந்த ஊசி எப்ப போட்டது, யூரின் எவ்வளவுன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கணும். அது முடிய 8.40. அந்த நாப்பது நிமிஷம் எந்தக் கணக்குலயும் வராது. அடுத்த ஆள் வரலைன்னா? நான் போக முடியாது. போனா பேஷன்டை விட்டுட்டுப் போனதாயிடும். போன மாசம் அப்படி ரெண்டு தடவை டபுள் டூட்டி. அதுக்கு ஒரு ஆஃப் தர்றதாச் சொன்னாங்க, இன்னும் ஆள் பத்தலை, ஆள் பத்தலைன்னு தள்ளிட்டே இருக்காங்க.

மேனேஜர் சாருக்கு ஒரு கேள்வி. நீங்க லேப்டாப்பை மூடினா யாரும் சாக மாட்டாங்க. எங்களுக்கு மூடறதுக்கு எதுவும் இல்லை. இருந்தும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நேரம் போகுதே, அது எப்படி?


கோடு_போட்ட_சட்டை | வியாழன், பகல் 12.30

சிஸ்டர், நல்ல கேள்வி, பதில் கைவசம் இல்லை. ஆனா உங்க பிரச்சனை ஆள் பத்தாதது. எங்க பிரச்சனை வேற. கேக்கறவன் மூணு பேர் இருப்பான், அவனவன் ஒரு மணி நேர வேலைதான் குடுத்தேன்னு நினைப்பான். இந்தம்மாவுக்கு ராத்திரி 10.15-க்கு வர்ற “ஒரு பார்வை பார்த்துடு” இருக்கே, அதை அனுப்பறவனுக்கு இவங்க காலை 7.30-க்கே உட்கார்ந்தது தெரியாது. மறைச்சு வெச்சது யாருன்னும் யோசிங்க.


நின்ன_கால் | வியாழன், இரவு 11.20

தி.நகர்ல பெரிய ஜவுளிக்கடை. நான் பட்டு செக்‌ஷன். தீபாவளி நெருங்குது, இப்ப எங்களுக்குக் காலைல 9.30 ஷட்டர் தூக்கறதுல இருந்து ராத்திரி 10.30 வரை. ஓவர்டைம்னு ஒண்ணு கிடையாது, தீபாவளிக்கு ஒரு இனாம், ஒரு செட் துணி, ஒரு ஸ்வீட் பாக்ஸ். அதுவே ஓவர்டைம்னு நினைச்சுக்கணும்.

2021-ல சட்டம் போட்டாங்களே, கடைல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார சேர் குடுக்கணும்னு. எங்க கடைலயும் ஸ்டூல் வந்துச்சு. நல்ல ஸ்டூல், சிவப்புக் கலர். மேல ஷெல்ஃப்ல இருந்து சேலை எடுக்க அதுமேல ஏறி நிக்கறோம்.


டைம்கீப்பர் | வியாழன், இரவு 11.31

ஏனுங்கம்மா, சிரிக்கறதா அழுகறதான்னே தெரியலீங்க.


பழைய_புளியமரம் | வெள்ளி, காலை 5.50

அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருடம், அதில் 18 வருடம் சங்கத்தில். இப்போது வேலை பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது மட்டும். அதிலும் ஓவர்டைம் உண்டு.

‘ஃப்ளெக்சிபிள்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு 2023 ஏப்ரல் ஞாபகம்தான் வருகிறது. 21-ம் தேதி சட்டமன்றத்தில் ஃபேக்டரிஸ் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நாளைக்கு 12 மணி நேரம் வரை ஓட்டிக்கொள்ளலாம். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் வேலை, மூணு நாள் ஓய்வு, விரும்பியவர்களுக்கு மட்டும், நெகிழ்வு என்று விளக்கம். கூட்டணிக் கட்சிக்காரர்களே வெளிநடப்புச் செய்தார்கள். 24-ம் தேதி நிறுத்திவைத்தார்கள், மே 1-ம் தேதி திரும்பப் பெறுவதாக முதல்வரே அறிவித்தார். பத்து நாள் ஆயுசு.

வேடிக்கை என்னவென்றால் அந்த மே தினம் நூறாவது வருடம். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரில், இன்னொன்று திருவல்லிக்கேணியில் என்று இரண்டு கூட்டம் போட்டுத்தான் இந்தியாவிலேயே முதல் மே தினம் கொண்டாடினார்.

நாங்கள் அன்றைக்குக் கேட்டது இதுதான். நாலு நாள் 12 மணி நேரம் ஓட்டிவிட்டு அஞ்சாவது நாள் ஷிப்மென்ட் வந்தால்? அஞ்சாவது நாளும் வரச் சொல்வானா மாட்டானா? 12 மணி நேரம் என்பது உட்காரும் நேரம் மட்டும். ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டு இரண்டரை மணி நேரம். அது யார் நேரம்?


ஜூரோங் | வெள்ளி, காலை 6.10

தாத்தா, இங்க லாரில கூட்டிட்டுப் போற நேரமும் கணக்குல இல்ல. அதான் லாரிலயே தூங்கிக்கிறோம்.


கோடு_போட்ட_சட்டை | வெள்ளி, காலை 9.00

ஐயா, மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. நாலு நாள் 12 மணியை என் டீம்ல ஓட்டுக்கு விட்டா பாதிப் பேர் கை தூக்குவாங்க. மூணு நாள் ஊர்ல போய் இருக்கலாம்ல. வேண்டாம்னு சொல்ற உரிமை நிஜமா இருந்தா அதுல தப்பு என்ன?


பழைய_புளியமரம் | வெள்ளி, காலை 9.40

‘நிஜமா இருந்தா’ என்று நீங்களே எழுதிவிட்டீர்களே தம்பி. உங்கள் டீமில் கடைசியாக வேண்டாம் என்று சொன்னவருக்கு அந்த வருடம் சம்பள ஹைக் எவ்வளவு?


கோடு_போட்ட_சட்டை | வெள்ளி, இரவு 10.55

இந்தக் கேள்விக்குக் காலைலயே பதில் அடிச்சேன், அழிச்சேன்.

சரி, நேராவே சொல்றேன். என் டீம்ல ஒரு பையன் 7 மணிக்கு மேல போனை எடுக்க மாட்டான். வேலை சுத்தம். போன வருஷம் ரேட்டிங் போடறப்ப ‘அவைலபிலிட்டி குறைவு’ன்னு எழுதினது நான்தான். எனக்கு மேல இருக்கறவர் என் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதான்னு ராத்திரி பாக்கறார், நான் அவனோடதைப் பாக்கறேன். அப்ப அது தப்புன்னு தோணலை.

இந்த இழைல வாதாடிட்டே இருக்கறதை விட, அந்தம்மாவுக்கு உபயோகமா ஒண்ணு சொல்றேன். ஓவர்டைம் பணம் கேட்டுப் போகாதீங்க, எச்ஆர் அந்தக் கதவுக்குப் பூட்டு ரெடியா வெச்சிருக்கும். மேனேஜர் கிட்டப் போங்க. 22 தாளையும் எக்செல் ஆக்காம தாளாவே எடுத்துட்டுப் போங்க. எக்செல்லுக்கு நாங்க பழகிட்டோம். போய் ரெண்டே ரெண்டு கேளுங்க. ஒண்ணு, வாரத்துல ரெண்டு நாள் கால் அவங்களுக்குக் காலை 7.30-க்கு, நமக்கு சாயங்காலம். அவங்களும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திரிக்கட்டும். ரெண்டு, 10 மணிக்கு மேல வர்றது எதுவா இருந்தாலும் மறுநாள் காலைல. இதை வாய்ல சொன்னா பத்தாது, டீம் மெயில்ல எழுதச் சொல்லுங்க.

அதையும் இந்த மாசமே கேளுங்க. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கால கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க. உங்க 9.30 கால் யாரும் கேக்காமலே 10.30 ஆயிடும்.


காலண்டர்தாள் | சனி, மதியம் 2.10

கடிகார விஷயம் எனக்கு ஒவ்வொரு வருஷமும் மறந்துடுது. அவங்க நாட்டுல வெயில் குறைஞ்சா என் வீட்டுல தூக்கம் குறையுது.

ஒரு சந்தேகம். சாயங்காலம் 5-க்குக் கால்னா நான் ப்ளே ஸ்கூல் வாசல்ல நிப்பேனே?


கோடு_போட்ட_சட்டை | சனி, மதியம் 2.40

மியூட்ல நில்லுங்க. வேற வழி இல்லைன்னா உங்க வீட்டுக்காரரை நிக்கச் சொல்லுங்க. அவர் எங்க இருக்கார், இவ்வளவு நேரமா அவரைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே?


காலண்டர்தாள் | சனி, மதியம் 3.05

அவர் 10.30-க்கு ஆபீஸ் போற ரகம். (பக்கத்து சீட்டுக்காரர் இல்லை, அது வேற ஆள்.) அவருக்கும் ஃப்ளெக்சிபிள்தான். அவர் எடுத்துக்கிட்டது காலைத் தூக்கம், நான் எடுத்துக்கிட்டது சாயங்காலம். அதைப் பத்தி வீட்டுல பேசியாச்சு. செவ்வாய், வியாழன் அவர் கூட்டிட்டு வர்றதா ஏற்பாடு.


நைட்டு_நர்ஸ் | சனி, மாலை 6.45

இந்த இழைல உருப்படியா நடந்த முதல் காரியம் இதான். நான் டூட்டிக்குக் கிளம்பறேன்.


வழக்குக்கட்டு | ஞாயிறு, காலை 11.15

தாள்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மேனேஜரிடம் கொடுங்கள். அந்தந்த நாளே கையால் எழுதிய குறிப்புக்கு ஒரு மதிப்பு உண்டு, பின்னாளில் உட்கார்ந்து தயாரித்த பட்டியலுக்கு அது இல்லை. வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் சட்டமாகிவிட்டது. நம் நாடாளுமன்றத்தில் எம்.பி. சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததோடு நிற்கிறது.


காலண்டர்தாள் | மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 9.05

என்ன ஆச்சுன்னு நாலு பேர் தனியாக் கேட்டிருந்தீங்க, அதான்.

தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோய் மேனேஜர் மேசைல வெச்சேன். முதல்ல காலண்டர் விக்க வந்திருக்கேன்னு நினைச்சார். ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்த்தார். ஒரு தாள்ல 12.50-ன்னு இருந்துச்சு, “இது நான் அனுப்பினதா?”ன்னார். ஆமான்னேன். கொஞ்ச நேரம் பேசலை. நல்ல மனுஷர்தான், அவருக்கும் மேல ஒருத்தர்.

கிடைச்சது: செவ்வாய், வியாழன் கால் சாயங்காலத்துக்கு மாறிடுச்சு. அமெரிக்காக்காரங்க எந்த மறுப்பும் சொல்லலை, கேட்டப்ப “இத்தனை நாள் ஏன் சொல்லலை”ன்னாங்க. அதைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

கிடைக்காதது: 10 மணி விஷயத்தை மெயில்ல எழுத மாட்டேன்னுட்டார். “எழுதினா பாலிசி ஆயிடும், பார்த்துக்கலாம்.” ரேட்டிங்ல என்ன எழுதுவார்ங்கறது மார்ச்சுலதான் தெரியும்.

அந்த 48 மணி நேரத்துக்குப் பணம் கிடையாது. அதுக்குப் பதிலா ரெண்டு நாள் காம்ப்-ஆஃப், அதாவது ஈடு லீவு, போட்டிருக்காங்க.


நின்ன_கால் | வியாழன், இரவு 11.10

48-ஐ 8-ஆல வகுத்தா 6 நாள் வருதே. பள்ளிக்கூடத்துல எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.


காலண்டர்தாள் | வியாழன், இரவு 11.14

எச்ஆர் வகுத்தல் வேற. நாலு நாள் ‘ஃப்ளெக்சிபிலிட்டி’க்குக் கழிச்சிட்டாங்க.


டைம்கீப்பர் | வெள்ளி, காலை 7.20

எங்க மொதலாளி கூட அரை ஷிப்ட்ட அரை ஷிப்ட்டுன்னுதானுங்க எழுதச் சொல்லுவாரு. ஆறு நாளை ரெண்டுன்னு எழுதச் சொன்னதில்லீங்க.


பேட்லாக் | வெள்ளி, காலை 7.48

ஏனுங்கம்மணி, தெரியாமக் கேக்கறனுங்க. அந்தக் காம்ப்-ஆஃப்ங்கறத வேண்டாம்னா காசாக் குடுப்பாங்களா?


காலண்டர்தாள் | வெள்ளி, காலை 8.02

குடுக்க மாட்டாங்க. 60 நாளுக்குள்ள எடுக்கணும், இல்லைன்னா லாப்ஸ். எடுக்கறதுக்கும் அப்ரூவல் வேணும், டிசம்பர்ல ரிலீஸ் இருக்கு.


பேட்லாக் | வெள்ளி, காலை 8.05

அட, பால் பாக்கெட்டாட்டங்களா.